இரண்டே இருக்கை உள்ள கார்

1

மலேசியாவில், ஈப்போவில் எங்கள் வீட்டு வாசலுக்கு அந்தக் கார் வந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் முடிகிறது. நேற்று அதன் காப்புறுதியைப் புதுப்பிக்கப் போனேன். நம் ஊரில் இன்சூரன்ஸ் என்று சொல்வதை இங்கே பெட்டிக்கடைக்காரர்கூடக் காப்புறுதி என்றுதான் சொல்கிறார். வந்த புதிதில் இப்படிச் சில சுத்தமான தமிழ்ச் சொற்களுக்கு நான் அர்த்தம் கேட்டு விழித்திருக்கிறேன்.

அலுவலகத்தில் இருந்த பெண் கணினித் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். "அக்கா, இது ரெண்டு சீட்டு காடியாச்சே, மகனுக்கு வாங்கினதா?" என்றாள். இங்கே பேச்சில் காருக்குக் காடி என்று பெயர். எனக்கு மகன் இல்லை, ஒரே மகள்தான், கார் என்னுடையது, ஓட்டுவதும் நான்தான் என்றேன். அவள் எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவு வழியாக வெளியே நின்ற காரை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு கொஞ்சம் மரியாதையாகப் பேசினாள்.

தூத்துக்குடியில் இருக்கும் என் தம்பியிடம் சென்ற வருடம் இந்தச் செய்தியைச் சொன்னபோது அவன் கேட்டது வேறு. "அத்தானுக்குத்தான் கண்ணு சரியில்லையே, பெறவு யாருக்கு அந்தக் காரு?" என்றான். போனில் அதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்காகவும், அவனைப் போலவே மனதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் மற்ற சொந்தக்காரர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். காரின் கம்பெனிப் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் ஊரில் எங்களைக் கோடீஸ்வரர்கள் என்று நினைத்துவிடுவார்கள். இது யாரோ ஓட்டி ஓட்டித் தேய்த்த, இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய ஜெர்மன் கார். மழைக்கால மேகத்தின் நிறம். எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், முதுகை ஒட்டினாற்போல் இருக்கிறது.

2

என் கணவர் சேவியர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியராக இருந்தவர். பள்ளிக்கூடத்து ஆசிரியரைப் போலவே கார் ஆசிரியரையும் மலாய்க்காரர்கள் சிக்கு என்று கூப்பிடுவார்கள். நாங்கள் குடியிருக்கும் புந்தோங்கில் கடைத்தெருவுக்குப் போனால் மலாய், சீன, தமிழ் என்று மூன்று இனத்துக்காரர்களும் இவரைச் சிக்கு என்று நிறுத்திப் பேசுவார்கள். முப்பது வருடத்துக்கு மேல் இவர் வேலை பார்த்த இடம் ஒரு சின்னக் காரின் இடதுபக்க இருக்கை. காலடியில் தனக்கென ஒரு பிரேக் மட்டும் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து நடுங்குகிறவர்களுக்குத் தைரியம் சொல்லியே ஆயுளில் பாதி போய்விட்டது.

எங்களுடையது தூத்துக்குடிப் பங்குச் சாமியார் வழியாக வந்த சம்பந்தம். சாமியாரின் அக்கா ஈப்போவில் கன்னியாஸ்திரியாக இருந்தார். மாப்பிள்ளை கார் வாத்தியார் என்றதும் என் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அப்பா உப்பள லாரி ஓட்டியவர். ஆனால் பெண் பிள்ளைகளை அந்த லாரியின் படியில்கூட ஏற விட்டதில்லை. தூரத்தில் நின்று பார்த்துத்தான் வளர்ந்தேன். உப்பு இரும்பைத் தின்றுவிடும் என்பதால் தினமும் சாயங்காலம் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அப்பா தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார். அடிப்பகுதியைப் பார்க்காமல் ஒரு வண்டியைப் பற்றிப் பேசவே கூடாது என்பது அவர் கட்சி.

இவருக்கு ஒரு ஆசை இருந்தது. ஓய்வு பெற்றதும் ஒரு நல்ல ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி, தானே வலதுபக்கம் உட்கார்ந்து ஓட்ட வேண்டும். புதிதாக வாங்குவது நடக்காத காரியம், பழையதுதான் என்று தெரியும். அதனால் பல வருடங்களாக இணையத்தில் படித்துப் படித்து ஒரு சட்டமே வைத்திருந்தார். சோற்றுத் தட்டின் முன்னால் எனக்கு அந்தப் பாடம் நடக்கும். குறைவாக ஓடிய காரைப் பார்த்து மயங்கக் கூடாது. ஓடாமல் நின்ற காரில் ரப்பரெல்லாம் காய்ந்து வெடித்திருக்கும். நிறைய ஓடியிருந்தாலும் நேரத்துக்கு எண்ணெய் மாற்றி, ஒரே கையில் வளர்ந்த கார்தான் நல்லது. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதே போய்ப் பார்க்க வேண்டும். விலைக்கு மேல் பழுது பார்க்கவும் காசு ஒதுக்கி வைக்காதவன் அந்தப் பக்கம் போகவே கூடாது. எனக்கு எல்லாம் மனப்பாடம்.

ஓய்வு நெருங்கியபோது பார்க்கப் போன முதல் காரிலேயே இவ்வளவு சட்டமும் காற்றில் போயிற்று. நகரத்து ஓரத்தில் பழைய கார் விற்கும் ஒரு கடை. சிவப்பு நிறக் கார், கண்ணாடி போலப் பளபளத்தது. ஒரு பெண்மணி வாங்கி வீட்டிலேயே வைத்திருந்தார், ஓடியதே இல்லை என்றார் வியாபாரி. எஞ்சின் மூடியைத் தொட்டால் சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே முடுக்கிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். நான் இவருடைய கையைக் கிள்ளினேன். இவருக்கு அது உறைக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கொஞ்ச தூரம் சந்தோஷமாகத்தான் போனோம். ஒரு முச்சந்தியில் இடதுபக்கம் திரும்பக் காரை ஒடித்தார். எங்களுக்கு இடதுபக்கத்தில், வெகு நேரமாகவே கூட வந்துகொண்டிருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று குறுக்கே மாட்டியது. நான் கத்தினேன். இவர் பிரேக்கை அழுத்தினார். ஒரு சீனப் பெரியவர், பின்னால் காய்கறிக் கூடை. வண்டியை ஒடித்து, காலை ஊன்றி, எப்படியோ விழாமல் நின்றுவிட்டார். கான்டனீஸில் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார்.

இவர் காரை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அந்த மோட்டார நீ பாத்தியா?"

"பாத்தேன். ரொம்ப நேரமா நம்ம பக்கத்துலயேதான் வந்துச்சு."

இவர் இடதுபக்கக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியவே இல்ல ரோஸி. அங்க ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் இருந்துச்சு" என்றார்.

இறங்கி இந்தப் பக்கம் வந்து என் கதவைத் திறந்தார். திரும்பிப் போக என்னை ஓட்டச் சொன்னார். என்னிடம் கியர் வண்டி லைசென்ஸ் உண்டு. கல்யாணமான புதிதில் எடுத்தது. இவரிடம் கற்றுக்கொண்டால் சண்டை வருகிறது என்று ஒரு மலாய் அம்மாளிடம் போய்க் கற்றேன். ஆனால் அதற்குப் பிறகு ஓட்டியதெல்லாம் ஆட்டோமேட்டிக்தான். அந்தச் சிவப்புக் காரை இரண்டாவது கியரிலேயே உறுமவிட்டுக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வழியில் என் கால் ஒன்றைக் கண்டுகொண்டது. கிளட்ச் பெடலின் ரப்பர் சோப்புக் கட்டி போல வழுவழுவென்று தேய்ந்திருந்தது. வீட்டிலேயே நின்ற காராம்.

இதை அன்று இவரிடம் சொல்லவில்லை. அன்றைக்கு அது முக்கியமாகவும் படவில்லை.

3

கண் மருத்துவமனையில் ஒரு பரிசோதனை உண்டு. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து நேராகப் பார்க்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சம் தோன்றும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வெளிச்சம் எதுவும் தெரியாது, பொத்தானின் சத்தம் மட்டும்தான் கேட்கும். டிக், டிக் என்று வரும். பிறகு சத்தமே வராது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். வராது.

கிளாக்கோமா, இரண்டு கண்ணிலும், ரொம்பத் தூரம் போய்விட்டது என்றார் டாக்டர். இளவயது மலாய்ப் பெண், பொறுமையாகச் சொன்னார். வலி எதுவும் இல்லாமல் ஓரங்களிலிருந்து பார்வை கழன்றுகொண்டே வந்திருக்கிறது. நடுவில் நன்றாகத் தெரிவதால் ஆளுக்கே தெரியாது. போனது திரும்பாது, சொட்டு மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம், இனிமேல் காரோட்டக் கூடாது, கற்றுக்கொடுக்கவும் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இவர் ஒன்றே ஒன்று கேட்டார், பக்கத்து இருக்கையில் உட்காரலாமா என்று. வேடிக்கையாகக் கேட்கிறார் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்துவிட்டு, தாராளமாக என்றார்.

மறுநாளே, கூட்டாக நடத்திவந்த பயிற்சிப் பள்ளிக்குப் போய், தன் வாயாலேயே சொல்லி, தன் பங்கைக் கூட்டாளியிடம் விற்றுவிட்டு வந்தார். யாரும் கண்டுபிடிக்கவில்லை, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. இவராகத்தான் நிறுத்தினார். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சுக் குறைந்தது. காலையில், முன்பு வேலைக்குக் கிளம்பிய நேரத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். நடக்கும்போது கதவு நிலையில் தோள் இடிக்கும். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

மகள் ஷெரின் கோலாலம்பூரில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருக்கிறாள். அவளுக்கு வீட்டில் தமிழ் காதில் விழும், வாயில் வருவது ஆங்கிலமும் மலாயும். இவருடைய ஆங்கிலம் வேலைக்குப் போதுமான ஆங்கிலம். ஆகவே அப்பாவும் மகளும் போனில் உடம்பு, மருந்து, சாப்பாடு என்று முடித்துக்கொண்டு என்னிடம் கொடுத்துவிடுவார்கள். இவருடைய கண்ணைப் பற்றிச் சொன்னபோது அவள் அழுதாள். இவர் என்ன சொல்வது என்று தெரியாமல், ஓகே, ஓகே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் முன்னால் வந்து உட்கார்ந்தார். ஈப்போவிலேயே ஒரு கார் விற்பனைக்கு வந்திருக்கிறது, ரொம்ப ஓடிய கார், ஒரே உரிமையாளர், போய்ப் பார்க்கலாமா என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. யாரைக் கொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். என்னையா, ரோட்டில் போகிறவனையா என்று கேட்டேன். நான் தூங்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு போகமாட்டீர்கள் என்று என்ன நிச்சயம் என்றும் கேட்டுவிட்டேன்.

இவர் கோபப்படவில்லை. "சாவி ரெண்டும் ஓங்கிட்டதான் இருக்கும். நான் ஓட்ட மாட்டேன், நீ ஓட்டு. நேரா இருக்கறது எனக்கு இன்னும் நல்லாத் தெரியுது ரோஸி. எத்தன நாளைக்குன்னு தெரியல. பக்கத்துல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டே வாரேன், அது போதும்" என்றார்.

நான் வெங்காயத்தை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். இவர் ஷெரினிடம் சொன்னதற்கு, "அப்பா, அது டாய் மாதிரி லா. ஓட்டவே முடியாத ஆளுக்கு எதுக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

4

காரின் சொந்தக்காரர் டாக்டர் லியோங், ஓய்வு பெற்ற பல் மருத்துவர், எழுபதைத் தாண்டிய பெண்மணி. அவருடைய மருத்துவமனை வடக்கே பாரிட் புந்தாரில், வயல்களுக்கு நடுவில் இருந்திருக்கிறது. வீடு ஈப்போவில். வாராவாரம் நெடுஞ்சாலையில் போய் வந்தே அத்தனை கிலோமீட்டரும் சேர்ந்தது. நின்று நின்று போகும் நகரத்து ஓட்டம் இல்லை, சீராக ஓடிய ஓட்டம் என்பதில் இவருக்கு ஏற்கெனவே பாதித் திருப்தி.

நாங்கள் வரும்வரை காரைக் கிளப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். இவர் போனதும் பின்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. முடுக்கச் சொல்லிவிட்டு, என்னைப் பின்னால் நின்று புகை என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். முதலில் லேசாக வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டது. நீலம் இல்லை, எண்ணெய் எரியவில்லை. நான் புடவையை இடுக்கிக்கொண்டு மண்டியிட்டு, அப்பா மாதிரியே அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். துரு இல்லை. எஞ்சினுக்குக் கீழே ஓரிடத்தில் எண்ணெய் கசிந்து ஈரமாக இருந்தது. நான் சொல்வதற்கு முன்பே டாக்டர் லியோங் சொல்லிவிட்டார். கறுப்பு எண்ணெய் கசிகிறது, வலதுபக்கக் கண்ணாடி மெதுவாகத்தான் இறங்கும், பெருமழை பெய்தால் கூரையில் ஒரு மூலை ஒழுகும் என்று மலாயில் ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்த நாட்டில் எஞ்சின் எண்ணெய்க்கே கறுப்பு எண்ணெய் என்றுதான் பெயர். அது தெரியாமல் வந்த புதிதில் நான் ஒரு பட்டறைக்காரரிடம், ஏன் எங்கள் காரில் கெட்டுப்போன எண்ணெயை ஊற்றுகிறீர்கள் என்று சண்டை போட்டிருக்கிறேன்.

யார் ஓட்டப் போகிறீர்கள் என்று கேட்டார் டாக்டர். இவர் மறைக்கவில்லை. கண் போய்க்கொண்டிருக்கிறது, மனைவி ஓட்டுவாள் என்றார். அந்த அம்மாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். போன வாரம் ஒரு பணக்காரப் பையன் வந்து, உறை போட்டு மூடி வைப்பேன் என்று சொன்னதால் அவனுக்குத் தரமுடியாது என்று அனுப்பிவிட்டாராம். தனக்கே முழங்கால் போய்விட்டது, இவ்வளவு தாழ்வான இருக்கையில் இறங்கினால் எழ முடியவில்லை, அதனால்தான் விற்கிறேன், இல்லாவிட்டால் விற்கமாட்டேன் என்றார்.

"வா, என்னை ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போ" என்று என்னிடம் சாவியை நீட்டினார்.

இரண்டே இருக்கை. இவர் வாசலில் நின்றுகொண்டார். அந்த அம்மாளைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. தெருமுனை வரை ஒழுங்காகப் போனேன். சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளட்ச்சை விட்டேன், கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. மறுபடி முடுக்கினேன், மறுபடி நின்றது. பின்னால் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இறங்கி நடந்துபோய்விடலாமா என்றிருந்தது.

டாக்டர் லியோங் என் முழங்காலில் கையை வைத்தார். "அவன் காத்திருப்பான். என் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு எத்தனை பேர் காத்திருந்திருக்கிறார்கள். நீ மெதுவாகவே செய்" என்றார். இங்கிலீஷும் மலாயும் கலந்து சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கால் இளகியது போல, கார் நகர்ந்தது. மலையடிவாரத்துச் சாலையில் மூன்றாவது, நான்காவது கியர் வரை போட்டேன். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் சத்தம் மாறிக்கொண்டே வந்தது. சுண்ணாம்பு மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. திரும்பி வரும்போது அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தக் காரில் அது அவருடைய கடைசிப் பயணம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இன்னும் கொஞ்ச தூரம் போகலாமா என்று கேட்டேன். சரி என்றார்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது இவர் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நேரமானதில் முகம் வெளுத்திருந்தது.

இவருடைய சட்டப்படி இன்னொன்று பாக்கி. விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வாங்குவதற்கு முன் வெளி ஆள் ஒருவரிடம் காட்ட வேண்டும். புந்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் சந்திரன் இவரிடம் கார் ஓட்டப் படித்தவர். காரை மேலே தூக்கி, விளக்கடித்து, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தம் பார்த்தார். சக்கரத் தாங்கிகளின் ரப்பர் மாற்ற வேண்டும், கிளட்ச் இன்னும் கொஞ்ச காலம் வரும், எண்ணெய்க் கசிவை உடனே நிறுத்திவிட வேண்டும், சாமான் வெளிநாட்டிலிருந்து வர வாரக்கணக்காகும் என்பதால் பழைய சின்னக் காரை விற்றுவிடாதீர்கள் என்றார். முக்கியமான கேள்வியை இவர் கடைசியாகத்தான் கேட்டார், வாங்கலாமா என்று.

"காடிக்கு வயசாச்சு அண்ணே. ஆனா சீக்கு இல்ல" என்றார் சந்திரன்.

இவர் தலையை ஆட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் காருக்கு அடியில் நின்றார். அன்று சாயங்காலமே டாக்டர் லியோங்குக்குப் போன் செய்தோம்.

5

பெயர் மாற்றும் அலுவலகத்தில் அரை நாள் போனது. காரை என் பெயரில்தான் எழுத வேண்டும் என்று இவர் பிடிவாதமாக இருந்தார். என்னுடையது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தரவாசி, ஆனால் குடிமகள் இல்லை. குடியுரிமைக்கு நான் போட்ட மனு பரிசீலனையில் இருக்கிறது என்று பல வருடங்களாகப் பதில் வருகிறது. கவுண்டரில் இருந்த அதிகாரி, பெமிலிக்கா என்று கேட்டார். பெமிலிக் என்றால் உரிமையாளர், பெமாண்டு என்றால் ஓட்டுநர். நான் பதற்றத்தில், இல்லை இல்லை, என் கணவர்தான் பெமிலிக், நான் வெறும் பெமாண்டு என்றேன். இவர் பின்னாலிருந்து, ரெண்டும் அவங்கதான் என்று மலாயில் திருத்தினார்.

கட்டைவிரல் ரேகையை இயந்திரம் எடுக்க மறுத்தது. துடைத்து வைத்தேன், ஊதி வைத்தேன். பக்கத்தில் நின்ற டாக்டர் லியோங் தன் கைப்பையிலிருந்து களிம்பு எடுத்து என் விரலில் தடவினார். பச்சை விளக்கு எரிந்தது. வீடு இவர் பெயரில், தண்ணீர், மின்சாரம் எல்லாம் இவர் பெயரில். இந்த நாட்டில் என் பெயருக்கு வந்த முதல் பொருள் இந்தக் கார்தான். இதை நான் சொல்லவில்லை. இவர் தெரிந்துதான் செய்தார் என்பது வீட்டுக்கு வரும் வழியில் எனக்குப் புரிந்தது.

6

இவர் பிறந்தது சுங்கை சிப்புட் போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டம். ரப்பரை வெட்டி, பாமாயில் எடுக்கும் செம்பனை போட்டார்கள். செம்பனையையும் வெட்டி வீடுகள் கட்டப் போவதாகச் சொல்லி, தார் ரோடும் விளக்குக் கம்பமும் போட்டுவிட்டு, வீடு கட்டாமலே விட்டுப் போய்விட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இருந்த இடம்கூட இப்போது தெரியாது. உங்களுக்கு வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். "எதுக்கு? இங்க நல்ல ரோடு போட்டதே இப்பத்தான்" என்றார்.

அந்த ஆளில்லாத ரோடுகளில்தான் எனக்குப் பாடம் நடந்தது. கல்யாணமான புதிதில் எங்களைச் சண்டைக்கு இழுத்த அதே பாடம். இப்போது இவர் குரலில் அவசரம் இல்லை. கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் காலால் தேடாதே, காதால் தேடு என்பார். கியர் மாற்றச் சொல்லமாட்டார், சத்தத்தைக் கேட்டு நானே மாற்றும்வரை விட்டுவிடுவார். நன்றாக மாற்றினால் ம் என்பார். அந்த ஒரு ம்முக்காக நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று இவருக்குத் தெரியாது.

ரோட்டுக்கு வந்த பிறகு எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. நேரே இருப்பதை இவர் பார்ப்பார். பக்கங்களில் இருப்பதை நான் சொல்ல வேண்டும். இடதுபக்கம் என்ன என்பார். பள்ளிக்கூடம், பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்பேன். வலதுபக்கம்? மாடு, சாய்ந்த பலகை, பழக்கடை. ஒரு தடவை ஹுத்தான் மெலிந்தாங் வரை போனோம். மீன்பிடிப் படகுகள் வரிசையாக நின்றன. எனக்குத் தூத்துக்குடிக் கடற்கரை நினைவு வந்து பேச்சு நின்றுவிட்டது. "என்ன இருக்கு, சொல்லு" என்றார். படகு என்றேன். "படகுதான் எனக்கும் தெரியுதே. நீ எதப் பாத்து நின்ன, அதச் சொல்லு" என்றார். காரை ஓரமாக நிறுத்திவிட்டு, உப்பளத்தையும் அப்பாவையும் அந்தக் கழுவிய லாரியையும் பற்றி அன்றைக்குத்தான் இவரிடம் முழுதாகச் சொன்னேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் சொல்லியிருக்கவில்லை.

கார் தன் பங்குக்குச் சோதிக்காமல் இல்லை. ஒருமுறை தைப்பிங் ரோட்டில் சூடேறி நின்றது. தண்ணீர்க் குழாய் ஒன்றுக்கு மூன்று வாரம் காத்திருந்தோம். ஒதுக்கி வைத்த காசில் பாதி போய்விட்டது. ஒதுக்கி வைத்ததால்தான் வீட்டில் சண்டை வரவில்லை.

ஈஸ்டருக்கு ஷெரின் வந்தாள். வாசலில் நின்ற காரைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.  திங்கட்கிழமை காலையில் நாங்கள் தோட்டத்துப் பக்கம் கிளம்பியபோது, நானும் வருகிறேன் என்று தன் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அந்த ரோடு தொடங்கும் இடத்தில் மழைமரத்தடியில் ஒரு தோசைக்கடை உண்டு. அங்கே நிறுத்தி மூன்று பேருக்கும் தோசை சொன்னேன்.

தோசை வரும்வரை ஷெரின் எங்கள் காரின் பக்கத்தில் போய் நின்றாள். இவரும் மெல்ல அங்கே போனார்.

"ஓட்டிப் பாக்கறியா?"

"எனக்குக் கியர் மறந்து போச்சுப்பா. லைசென்ஸ் எடுத்ததோட சரி." ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

அவள் கோலாலம்பூரில் விடுதியில் இருந்தபோது அங்கேயே யாரிடமோ படித்து லைசென்ஸ் வாங்கியவள். ஈப்போவில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்தவர் மகளுக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. அவளுக்கு நேரம் இல்லை, இவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

"மறந்தவங்களுக்குத்தான் நான் வேல பாத்தேன்" என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சாவியை நீட்டினேன். கதவைத் திறந்து உட்கார்ந்தாள். இவர் இடதுபக்கம் சுற்றிப் போகும்போது கையால் காரைத் தடவிக்கொண்டே போனார். கார் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. மறுபடி நின்றது. உள்ளே அவள் ஆங்கிலத்தில் என்னவோ சொல்வதும், இவர் தமிழில் பதில் சொல்வதும் கேட்டது. பிறகு நகர்ந்தது. ஆளில்லாத விளக்குக் கம்பங்களுக்கு நடுவே போய், வளைந்து, திரும்பி வந்து என்னைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு மாற்றும் சத்தம் முதலில் கரகரவென்று கேட்டது. அடுத்த சுற்றில் பாதி கேட்டது. அதற்கடுத்த சுற்றில் கேட்கவே இல்லை. நான் அங்கே நின்றபடியே ம் என்று சொல்லியிருக்கிறேன் போல, கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் சுற்று வரவில்லை. நான் எட்டி எட்டிப் பார்த்தேன். தோசை வந்து ஆறிக்கொண்டிருந்தது.  போன் அடித்தது. ஷெரின்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு எங்கேயோ வைத்துவிட்டுப் பேசுகிறாள், பின்னால் எஞ்சின் சத்தம், இவருடைய குரல், மெதுவா, இப்ப விடு, விடு.

"அம்மா, நீங்க பசியாறிடுங்க" என்றாள். தமிழில்தான் சொன்னாள். "நாங்க சுங்கை சிப்புட் ரோட்டுக்கு வந்துட்டோம். அப்பா இன்னும் கொஞ்சம் போலாங்கறாரு. வர லேட்டாகும்."

சரி என்றேன். அதற்குள் வைத்துவிட்டாள். தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, அவர்களுடைய தோசையையும் சேர்த்துச் சாப்பிட ஆரம்பித்தேன்.